மான் வேட்டையில் உருமறைப்பு உடை எவ்வளவு முக்கியம்? முதல் முறை போகிறவர்களுக்கான முழு வழிகாட்டி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் முதல் முறை மான் வேட்டைக்குக் கிளம்பும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கேமோ வாங்கலாம்?" கேமோ என்றால் இலையும் கிளையும் அச்சடித்த உருமறைப்பு உடை. கேட்பவர் பெரும்பாலும் கடையில் விலையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வருடம் காலுறை முதல் கையுறை வரை ஒரே அச்சில் வாங்கிப் போட்டுக்கொண்டு, காற்று முதுகுப் பக்கம் அடிக்க, ஓர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தேன். எண்பது கெஜத்தில் வந்த பெட்டை மான் என்னைப் பார்க்கவே இல்லை. மூக்கைத் தூக்கியது, புஸ்ஸென்று ஊதியது, வெள்ளை வாலை நிமிர்த்திக்கொண்டு போயே போய்விட்டது. அன்று மாலை கீழே வந்தால், கட்டம் போட்ட பழைய கம்பளிச் சட்டையும் அதன்மேல் ஆரஞ்சு வெஸ்ட்டுமாக ஒரு பெரியவர் தன் மானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் கேமோ என்று ஒரு கைக்குட்டைகூட இல்லை.

அப்புறம் சில பருவங்கள் புதியவர்களைக் கூட்டிப்போய்ப் பார்த்ததில், உடையின் அச்சு கடைசியில் கவனிக்க வேண்டிய விஷயம் என்று தெளிவானது. அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாம் வெள்ளைவால் மானை மனதில் வைத்து எழுதியது. வான்கோழிக்குக் கணக்கு வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன். இன்னொன்று: இந்தியாவில் வேட்டை 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊருக்குப் போகும்போது இந்த ஆசையை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.

1. கடைக்குப் போகுமுன் காகித வேலை

பென்சில்வேனியாவில் முதல் முறை வேட்டை உரிமம் எடுப்பவர், எந்த வயதானாலும், மாநிலத்தின் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கும், விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கும் இதே போன்ற கட்டாயம் உண்டு. வில்லோடு போவதானால் பென்சில்வேனியாவில் அதற்குத் தனி உரிமம் சேர்த்து எடுக்க வேண்டும்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் விசா. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. "நண்பனுடைய ரைஃபிளைத்தானே கொஞ்ச நேரம் பிடிக்கப்போகிறேன்" என்பது பதில் ஆகாது. பிடித்தாலே வைத்திருப்பதுதான். உரிமம் வாங்காமல் குறி பழகக்கூடப் போகாதீர்கள், சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வில்லும் கிராஸ்போவும் (விசையை அழுத்தி எய்யும் குறுக்குவில்) இந்தச் சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கில் வராது. விசாவில் இருக்கும் பலர் வில்லில் தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2. பருவத்தை முடிவு செய்யுங்கள், பாதி உடை அதிலேயே முடிவாகிவிடும்

ரைஃபிள் பருவம் பென்சில்வேனியாவில் 2019 முதல் தேங்க்ஸ்கிவிங்கை அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அந்தப் பருவத்தில் தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு, எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி இருக்க வேண்டும். ஒரு வெஸ்ட், ஒரு தொப்பி போட்டால் கணக்கு சரியாகிவிடும். அதாவது, முன்னூறு டாலர் கொடுத்து வாங்கிய கேமோ ஜாக்கெட்டின் பெரும்பகுதி பதினைந்து டாலர் வெஸ்ட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கொலராடோவில் 500 சதுர அங்குலமும் ஆரஞ்சுத் தொப்பியும் வேண்டும், இளஞ்சிவப்பும் செல்லும், ஆனால் ஆரஞ்சிலேயே அச்சடித்த கேமோ செல்லாது. விஸ்கான்சினில் இடுப்புக்கு மேலே வெளியில் தெரியும் உடையில் பாதியாவது ஆரஞ்சோ இளஞ்சிவப்போ இருக்க வேண்டும். டெக்சாஸில் தனியார் நிலத்தில் கட்டாயம் இல்லை, பொது வேட்டை நிலங்களில் 400 சதுர அங்குலம். எங்கே போகிறீர்களோ அந்த மாநிலத்தின் அந்த வருடத்து விதிப்புத்தகத்தைப் பாருங்கள். போன வருடத்துப் புத்தகம் உதவாது.

ஆரஞ்சு மானுக்காகப் போடுவதில்லை, மற்ற வேட்டைக்காரர்களுக்காகப் போடுவது. மான் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

வில் பருவத்தில் நிலைமை வேறு. மான் இருபது, முப்பது கெஜத்துக்குள் வந்தால்தான் அம்பு எய்ய முடியும், அதுவும் வில்லை இழுக்கும் அசைவு அதன் கண்ணில் படாமல். பென்சில்வேனியாவில் அந்தப் பருவத்தில் வில்லோடு போகிறவர்களுக்கு ஆரஞ்சு கட்டாயம் இல்லை. உடைக்கு ஓரளவு செலவு செய்ய நியாயம் இருப்பது இங்கேதான்.

3. மானின் கண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டுதான். ஒன்று நீலத்தை நன்றாகப் பிடிக்கும், இன்னொன்று பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தை, ஏறக்குறைய 537 நானோமீட்டரை, நன்றாகப் பிடிக்கும். சிவப்புக்கென்று தனியாக எதுவும் இல்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1992இல் கூடிய ஆய்வாளர்கள் மானின் விழித்திரையை நேரடியாக அளந்து இதை உறுதி செய்தார்கள்.

இதிலிருந்து உடைக்கு மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

ஆரஞ்சும் பச்சையும் பழுப்பும் மானுக்கு ஒரே குடும்பம். உங்கள் ஆரஞ்சு வெஸ்ட், காய்ந்த புல்லின் மங்கிய மஞ்சள் போலத்தான் அதற்குத் தெரியும். சிவப்பு வெறும் இருட்டு. அந்தப் பெரியவரின் சட்டையில் இருந்த சிவப்புக் கட்டமும் கறுப்புக் கட்டமும் மானுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

நீலம் அப்படி இல்லை. மான் நீலத்தை நம்மைவிட நன்றாகவே பார்க்கும். விடியலிலும் அந்தியிலும் வெளிச்சத்தில் நீலம் மிகுந்திருக்கும், மான் நடமாடுவதும் அப்போதுதான். மேலே விலையுயர்ந்த கேமோ, கீழே நீல ஜீன்ஸ் என்று வருகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அதற்குப் பதில் பழைய பழுப்புக் கால்சட்டை எவ்வளவோ மேல்.

மூன்றாவது, புற ஊதா ஒளி. நம் கண்வில்லை அதைத் தடுத்துவிடும், மானின் கண்வில்லை பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். "வெள்ளையை மேலும் வெண்மையாக்கும்" சலவைத்தூள்களில் இருக்கும் பளிச்சிடும் வேதிப்பொருள் புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்புவது. நமக்குத் துணி புதிதாகத் தெரியும், மானுக்கு அது மங்கலான காட்டில் மினுங்கும். அச்சு எவ்வளவு அருமையாக இருந்தாலும் தவறான தூளில் துவைத்தால் போச்சு.

நுணுக்கமான விவரங்களை மானின் கண் நம் அளவுக்குப் பிரித்துப் பார்க்காது. ஆனால் பக்கவாட்டில் கண்கள் அமைந்திருப்பதால் சுமார் 300 பாகை வட்டத்தை ஒரே நேரத்தில் பார்க்கும். அசைவைப் பிடிப்பதற்கென்றே செய்த கண். இதை நினைவில் வையுங்கள், ஆறாவது படியில் வேலை இருக்கிறது.

4. முதல் வேலை காற்று

மான் கண்ணை நம்பாமல் போகலாம், காதைச் சந்தேகிக்கலாம், மூக்கை மட்டும் இரண்டாவது தடவை சோதித்துப் பார்க்காது. வாடை பட்டதென்றால் முடிந்தது. அதனால்தான் உடையைப் பற்றிய கட்டுரையில் காற்றுக்கு இவ்வளவு இடம்.

தேவையானது ஒரு சின்னப் பவுடர் பாட்டில். அழுத்தினால் புகை போல மாவு வரும், எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் உங்கள் வாடையும் போகும் பக்கம். காலி மருந்துப் பாட்டிலில் வாசனையில்லாத மாவு போட்டு நீங்களே செய்துகொள்ளலாம். கைபேசியில் வரும் காற்றுத் திசை மாவட்டத்துக்கு உரியது, உங்கள் பள்ளத்தாக்குக்கு உரியது இல்லை.

மான் வரும் தடத்தைக் கண்டுபிடித்த பிறகு, காற்று தடத்திலிருந்து உங்களை நோக்கியோ குறுக்காகவோ வீசும் இடத்தில் உட்காருங்கள். நேர் எதிர்காற்றுக்காக அடம்பிடிக்கத் தேவையில்லை. மான் வரும் வழியைத் தொடாமல் வாடை விலகிப் போனால் போதும்.

மலைப்பகுதியில் இன்னொரு சங்கதி உண்டு. விடியுமுன் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வெயில் ஏறி மண் சூடானதும் அதே காற்று மேலே ஏறும். மாலையில் மறுபடி இறங்கும். தடத்துக்கு மேலே உட்கார்ந்தவரின் வாடை இருட்டில் நேராகத் தடத்துக்கே வழியும், எட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் அவருக்கு நல்ல காலம். தடத்துக்குக் கீழே உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் தலைகீழ். காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம் என்று இரண்டைப் பார்த்துவைப்பது இதற்காகத்தான்.

புதியவர்கள் உட்காரும் இடத்தின் காற்றைப் பார்ப்பார்கள், நடந்துபோகும் வழியின் காற்றைப் பார்க்க மாட்டார்கள். மான் படுத்திருக்கும் புதருக்கு மேல்காற்றில் நடந்துபோய் உட்கார்ந்தால், நாள் தொடங்கும் முன்பே கலைந்துவிடும். அரை மைல் சுற்றிப் போவதானாலும் சுற்றியே போங்கள்.

வாடையைக் குறைக்க முடியும், ஒழிக்க முடியாது. நம் வீடுகளில் முக்கியமான எதிரி தாளிப்பு. சமையலறைக்குப் பக்கத்து அலமாரியில் தொங்கும் ஜாக்கெட்டில் கடுகும் பெருங்காயமும் ஏறி உட்கார்ந்திருக்கும். உடைகளை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு கராஜில் வையுங்கள். காட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மேலுடையை மாட்டுங்கள், பெட்ரோல் போடும்போது வேண்டாம். தலைக்குத் தேங்காயெண்ணெய், சாம்பிராணி, வாசனைச் சோப்பு எல்லாம் அன்றைக்கு விடுமுறை. இதையெல்லாம் செய்துவிட்டு, "வாடை நீக்கி" என்று விற்கும் தெளிப்பானையும் அடித்துக்கொண்டு, கடைசியில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் ஒரு பலனும் இல்லை.

5. உட்காரும் இடம்தான் உங்கள் பெரிய உடை

தினைப்புனத்தில் கிளி ஓட்டப் பரண் கட்டியவர்களின் வழி வந்தவர்கள் நாம், மரத்தில் கட்டும் இருக்கைக்கு ட்ரீ ஸ்டாண்ட் என்ற பெயர் எனக்கு ஒட்டவே இல்லை. பரண் என்றே சொல்கிறேன்.

தரையில் உட்கார்ந்தாலும் பரணில் உட்கார்ந்தாலும் பார்க்க வேண்டியது பின்னணி. உங்கள் முதுகுக்குப் பின்னால் திறந்த வானம் இருந்தால் எந்த அச்சும் காப்பாற்றாது. வெளிச்சத்துக்கு எதிரே இருட்டான மனித உருவம் தெரியும், கொஞ்சம் அசைந்தால் கதை முடிந்தது. தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். நவம்பரில் ஓக், பீச் மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும்போது இலை உதிர்க்காத ஹெம்லாக்கும் மலை லாரல் புதரும்தான் துணை.

முன்னால் இடுப்பளவு மறைப்பு இருந்தால் இன்னும் நல்லது. விழுந்த மரம், காய்ந்த கிளைகள், எதுவானாலும் சரி. முன்மறைப்பு அடர்த்தியாக இருந்தால் உங்களுக்கே தெரியாது, கை அசைவை மட்டும் மறைத்தால் போதும்.

நிழலில் உட்காருங்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் மானின் கண் கூசும், முகத்தில் அடித்தால் உங்கள் முகம் விளக்கு மாதிரி ஒளிரும். காற்றும் சூரியனும் ஒத்துவராவிட்டால் காற்றுக்கே முதலிடம்.

பரணில் ஏறுவதானால் பதினைந்து, இருபது அடி வழக்கமான உயரம். தரையை விட்டுக் கால் எடுக்கும் நொடியிலிருந்து முழு உடல் பாதுகாப்புப் பட்டை மாட்டியிருக்க வேண்டும். தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு ஏறாதீர்கள், காலி செய்து, மேலே போன பிறகு கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் "ஒரு தடவைதானே" என்று சொன்னவரோடு நான் அடுத்த தடவை போகவில்லை.

ரைஃபிள் பருவத்தில் மூடிய கூடாரத்துக்குள் உட்கார்ந்தால் உங்கள் ஆரஞ்சு வெளியே தெரியாது. பென்சில்வேனியா விதிப்படி கூடாரத்துக்கு 15 அடிக்குள், எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி 100 சதுர அங்குல ஆரஞ்சைத் தொங்கவிட வேண்டும். கூடாரத்துக்குள் கேமோ தேவையே இல்லை. உள்ளே இருட்டாக இருப்பதால் ஆரஞ்சுக்கு அடியில் கறுப்போ அடர் பழுப்போ போட்டு, பின்பக்க ஜன்னலை மூடி வைத்தால் போதும்.

6. அசைவைக் குறைக்கும் பயிற்சி

ஆரஞ்சு வெஸ்ட் போட்டு அசையாமல் இருக்கிறவரை மான் கடந்து போகும். முழுக் கேமோவில் மூக்கைச் சொறிந்தவரைப் பார்த்துவிடும். கூட்டிப்போன புதியவர்களில் பலர் கைபேசியால்தான் மாட்டிக்கொண்டார்கள். திரை வெளிச்சம் ஒன்று, அதை எடுக்கக் கை போவது இன்னொன்று.

வீட்டில் ஒரு நாற்காலியில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் எங்கே வலிக்கிறது என்று தெரியும். அந்த வலிக்கு மருந்து நல்ல திண்டு. கேமோவுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் கெட்டியான உட்காரும் திண்டை வாங்கச் சொல்வேன். குளிரும் வலியும்தான் ஆளை அசைய வைக்கின்றன.

மான் தலை குனிந்து மேயும்போதோ, அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்போதோ மட்டும் அசையுங்கள். அப்போதும் அவசரம் வேண்டாம். மேய்வது போலக் குனிந்து, சட்டென்று நிமிர்ந்து பார்ப்பது அதன் பழைய தந்திரம்.

7. இப்போது துணி: சத்தம், அடுக்கு, சலவை

துணியை வாங்குமுன் காதருகே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மழைக்கோட்டு மாதிரி சரசரத்தால் வேண்டாம். கம்பளியும் ஃப்ளீஸும் சத்தம் போடாது. ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டை உள்ள பையைத் தவிருங்கள். அமைதியான காட்டில் அதைப் பிரிக்கும் சத்தம் துணி கிழிவது போலக் கேட்கும்.

அடுக்கடுக்காகப் போடுங்கள். உடலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையை வாங்கி ஈரமாகவே இருந்து, உட்கார்ந்த அரை மணியில் நடுக்கம் கொடுக்கும். மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். கனமான மேல்ஜாக்கெட்டைப் பையில் கட்டிக்கொண்டு நடங்கள், இடம் சேர்ந்து மூச்சு அடங்கிய பிறகு மாட்டுங்கள். எல்லாவற்றையும் வண்டியிலேயே மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர் மேலே போகும்போது நனைந்திருப்பார். அதற்குமேல் குளிரும் வரும், வாடையும் வரும்.

சலவைக்கு, பளிச்சிட வைக்கும் பொருள் சேராத தூளை வாங்குங்கள். வேட்டைப் பொருள் கடைகளில் தனியாகவே விற்கிறார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மலிவான புற ஊதா டார்ச்சை இருட்டறையில் துணிமேல் அடியுங்கள். நீலவெள்ளையாக மினுங்கினால் அந்த வேதிப்பொருள் ஏறியிருக்கிறது. அது துணியில் நிற்பதற்காகவே செய்த பொருள், ஒரு தடவை கழுவினால் போகாது. புதுத் துணியும் சில நேரம் கடையிலிருந்தே மினுங்கிக்கொண்டு வரும், அதனால் ரசீதைத் தூக்கிப் போடுமுன் சோதியுங்கள்.

ரைஃபிள் பருவத்தில் வெள்ளை எதையும் வெளியே காட்டாதீர்கள். இது மானுக்காகச் சொல்வதில்லை. வெள்ளைக் கைக்குட்டையோ டாய்லெட் காகிதமோ புதருக்கிடையில் ஆடினால், தூரத்தில் இருக்கும் அவசரக்காரனுக்கு மானின் வால் மாதிரி தெரியும். புதருக்குள் ஒதுங்கும்போது ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றாதீர்கள், வெஸ்ட்டைக் கிளையில் தொங்கவிடாதீர்கள்.

8. முகமும் கையும்

உடம்பில் அதிகம் அசைவது கையும் தலையும்தான், புதியவர்கள் மூடாமல் விடுவதும் அவற்றைத்தான். "நம் நிறத்துக்கு முகமூடி எதற்கு?" என்று சிரிப்பவர்கள் உண்டு. நிறம் எதுவானாலும் நெற்றியில் வியர்வையும் எண்ணெயும் மின்னும். மெல்லிய முகத்துணி ஒன்றும் கையுறை ஒரு ஜோடியும் வாங்குங்கள். முழுக் கேமோ உடையைவிட இந்த இரண்டும் சேர்ந்து அதிக வேலை செய்யும், விலையும் கொஞ்சம்.

கண்ணாடி போடுகிறவர்கள் தொப்பி விளிம்பை இறக்கி விடுங்கள், கண்ணாடியின் பளபளப்பு வெகுதூரம் போகும். முகத்துணி வழியாக மூச்சு ஏறிக் கண்ணாடி மங்குகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். கைக்கடிகாரம், மோதிரம், பித்தளை ஜிப் எல்லாம் கையுறைக்கும் சட்டைக்கும் உள்ளே போகட்டும். ஒரு நண்பர் முதல் நாள் நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு வந்தார். சாமி கும்பிட்டது நல்லதுதான், அண்ணா, கொஞ்சம் துடைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

9. கடைசியாக அச்சு

இங்கே வந்து சேர்ந்தவர்களுக்குக் கேமோ வாங்க அனுமதி உண்டு.

இலை, பட்டை எல்லாம் புகைப்படம் மாதிரி நுணுக்கமாக அச்சடித்த துணி கடையில் அழகாக இருக்கும். முப்பது கெஜம் தள்ளி நின்று பார்த்தால் சிறு வடிவங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே இருட்டு உருவமாகிவிடும். வெளிர், அடர் என்று பெரிய பெரிய திட்டுகள் உள்ள அச்சுதான் மனித உருவத்தை உடைக்கும். மானுக்கு நிறத்தைவிட வெளிர், அடர் வேறுபாடுதான் தெரியும் என்பதால் அது போதும்.

பருவத்தோடு ஒத்துப்போக வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் பச்சை சரி. நவம்பரில் காடு முழுக்கச் சாம்பலும் பழுப்பும். அப்போது கோடைக்காலப் பச்சையில் உட்கார்ந்தால் மானின் கண்ணுக்கு நிறம் உறுத்தாது, ஆனால் சுற்றியுள்ள வெளிர் நிறத்துக்கு நடுவே அடர் உருவமாகத் தெரிவீர்கள்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். போன வருடத்து அச்சு இந்த வருடம் பாதி விலைக்குக் கிடைக்கும். மானுக்கு ஃபேஷன் தெரியாது.

10. வான்கோழிக்கு வரிசை மாறும்

வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போவதானால் மேலே சொன்ன வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள். வான்கோழிக்கு மோப்பம் பொருட்டே இல்லை, ஆனால் கண் பயங்கரம். நமக்கு மூன்று கூம்பு வகை, அதற்கு நான்கு. எல்லா நிறமும் தெரியும், புற ஊதாவும் ஓரளவு தெரியும். இங்கே தலை முதல் கால் வரை முழுக் கேமோ, முகம், கை உட்பட, அவசியம். ஆரஞ்சோடு உட்கார்ந்தால் அது பார்த்துவிடும்.

அதே காரணத்தால் இதில் ஆபத்து அதிகம், மற்ற வேட்டைக்காரருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். ஆண் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் கலந்தது. அந்த மூன்று நிறத்தில் காலுறைகூட வெளியே தெரியக் கூடாது. அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பின்னாலிருந்து வரும் குண்டுக்கு அது கேடயம். பென்சில்வேனியாவில் வசந்தகாலத்தில் குரல் கொடுத்து வரவழைத்துத்தான் சுட வேண்டும், பதுங்கிப் பின்தொடர்வது சட்டவிரோதம்.

வேறொரு வேட்டைக்காரர் உங்களை நோக்கி வந்தால் கையை ஆட்டாதீர்கள், விசிலடிக்காதீர்கள், வான்கோழிச் சத்தம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள். தமிழில் கத்தினாலும் சரிதான். சுட்ட பறவையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

11. போகுமுன் ஓர் ஒத்திகை

பருவம் தொடங்க ஒரு வாரம் முன்பு, முழு உடையும் மாட்டி வீட்டுக்குப் பின்னாலோ பூங்காவிலோ உட்காருங்கள். துப்பாக்கி, வில் எதுவும் வேண்டாம். நண்பரை முப்பது கெஜம் தள்ளி நின்று கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நிறம் போன பிறகு எது பளிச்சென்று தெரிகிறதோ, அதைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் அது முகமாகவோ கையாகவோ பூட்ஸின் அடிப்பாகமாகவோ இருக்கும். புற ஊதா இந்தப் படத்தில் தெரியாது, அதற்கு டார்ச் சோதனைதான்.

வில் ஆட்கள் முழு உடையோடு உட்கார்ந்த நிலையில் வில்லை இழுத்துப் பழகுங்கள். புது ஜாக்கெட்டின் பருத்த கையில் நாண் உரசி அம்பு விலகுவதை முதல் முறை காட்டில் தெரிந்துகொள்ளக் கூடாது.

12. ஒவ்வொரு தடவையும் குறித்து வையுங்கள்

மான் ஓடிப்போனால் ஏன் ஓடியது என்று எழுதுங்கள், அடுத்து எதை மாற்ற வேண்டும் என்று அதிலிருந்துதான் தெரியும். மூக்கைத் தூக்கி, புஸ்ஸென்று ஊதி, திரும்பிப் பார்க்காமல் ஓடினால் பெரும்பாலும் வாடை. உங்களையே வெறித்து, தலையை மேலும் கீழும் ஆட்டி, முன்னங்காலால் தரையைத் தட்டினால் எதையோ பார்த்திருக்கிறது, என்னவென்று புரியவில்லை. அப்போது நீங்கள் கல்லாகிவிட்டால் மறுபடி மேயவும் வாய்ப்பு உண்டு. காதை மட்டும் உங்கள் பக்கம் திருப்பினால் சத்தம்.

தேதி, நேரம், காற்றின் திசை, உட்கார்ந்த மரம், காரணம். இவ்வளவு போதும். என்னுடைய நோட்டில் மூக்கு, காது, கண் என்று மூன்று பத்தி போட்டிருக்கிறேன். மூக்குப் பத்தி நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. கண் பத்தியில் இருப்பவற்றில் அச்சு சரியில்லாததால் தெரிந்துபோனேன் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாமே நான் கையை அசைத்த நேரங்கள், ஒன்றைத் தவிர. அது வேலைக்குப் போட்டுப்போன நீலக் கால்சட்டையோடு அவசரமாக ஒரு மாலை உட்கார்ந்தது.